கூரையில் நான்கு ஜெர்சிகள்

லெக்சிங்டன் விமான நிலையத்தைவிட்டு வெளியே வந்தால் சாலைக்கு எதிர்ப்புறம் குதிரைப் பந்தய மைதானம். பெயர் கீன்லாண்ட்; 1936இல் திறந்தது. அங்கிருந்து ஊருக்குள் போகும் வழியில் கேலுமெட் பண்ணையின் வெள்ளை வேலிகள் நீண்டுகொண்டே வருகின்றன. வேலிக்கு உள்ளே தோல் பளபளக்கும் குதிரைகள். சுண்ணாம்புப் பாறைமேல் படிந்த மண்ணில் வளரும் புல் குதிரைக்கு எலும்புறுதி தரும் என்பது கென்டக்கிக்காரர்களின் நம்பிக்கை. ஏப்ரலிலும் அக்டோபரிலும் கீன்லாண்டில் பந்தயம் நடக்கும். இடைப்பட்ட குளிர்காலத்தில் ஊருக்கு வேறொரு பித்து. அது கூடைப்பந்து.

ஊர் நடுவே இருக்கிறது ரப் அரங்கம். 1976இல் கட்டியபோது 23,000 பேருக்கு இடம் இருந்தது. மேல்தட்டுப் பெஞ்சுகளை எடுத்து நாற்காலிகள் போட்ட பிறகு சுமார் 20,500 ஆனது. இத்தனை பேர் பார்க்க வருவது சம்பளம் வாங்கும் லீக் அணியை அல்ல; கென்டக்கி பல்கலைக்கழக மாணவர்கள் ஆடும் அணியை. அரங்குக்குப் பெயர் தந்த அடால்ஃப் ரப் 1930 முதல் 1972 வரை இந்த அணியின் பயிற்சியாளர். 876 வெற்றிகள், நான்கு தேசியக் கோப்பைகள். இன்று கூரையில் எட்டுக் கோப்பைகளுக்கான கொடிகள் தொங்குகின்றன. பக்கத்தில் பெரிய வீரர்களின் ஜெர்சிகள். கல்லூரி நாட்களில் 2,138 புள்ளிகள் குவித்த டான் இஸ்ஸலின் பெயரும் அங்கே உண்டு.

அந்த வரிசையில் நான்கு ஜெர்சிகள் தனிக்கதை சொல்கின்றன. 11 ஷான் வுட்ஸ், 12 டெரான் ஃபெல்ட்ஹாஸ், 32 ரிச்சி ஃபார்மர், 34 ஜான் பெல்ஃப்ரி. நால்வரும் தேசியக் கோப்பையைத் தொட்டதில்லை. இஸ்ஸலைப் போல் புள்ளிக் கணக்கில் முதலிடம் பிடித்தவர்களும் அல்லர். ஆனாலும் ஊர் அவர்களை ‘மறக்க முடியாதவர்கள்’ என்றே அழைக்கிறது. ஏன் என்று தெரிந்துகொள்ள லெக்சிங்டனிலிருந்து மலைப்பக்கம் வரை ஒரு சுற்று போய் வர வேண்டும்.

சுற்று தொடங்குமிடம் மெமோரியல் கொலீசியம். பல்கலைக்கழக வளாகத்தில், ‘அவென்யூ ஆஃப் சாம்பியன்ஸ்’ என்ற சாலையில் நிற்கும் செங்கல் கட்டடம். போரில் உயிரிழந்த கென்டக்கி வீரர்களின் நினைவாக 1950இல் எழுப்பியது. ரப் அரங்கம் வரும்வரை ஆட்டங்கள் இங்குதான் நடந்தன. பிறகு இந்த அணிக்குப் பயிற்சி மட்டும் இங்கே நடந்தது. 1989 இலையுதிர் காலத்தில் இந்தத் தரையில்தான் எட்டு இளைஞர்கள் ஒரு புதிய ஆட்டத்தைக் கற்றார்கள்.

அதற்கு முந்தைய மாதங்களில் அணி தரைமட்டமாகியிருந்தது. பயிற்சியாளர் அலுவலகத்திலிருந்து ஒரு வீரரின் தந்தைக்குப் போன கூரியர் உறையில் 1,000 டாலர் இருந்தது என்று 1988இல் செய்தி வெடித்தது. கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பு விசாரணையில் இறங்கியது. 1989 மே மாதம் தீர்ப்பு வந்தது: மூன்றாண்டு கண்காணிப்பு, இரண்டாண்டுக்கு தேசியப் போட்டியில் ஆடத் தடை, ஓராண்டுக்கு நேரடித் தொலைக்காட்சி ஒளிபரப்புக்குத் தடை. ‘ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்’ இதழ் கென்டக்கியின் அவமானம் என்று அட்டையில் போட்டது. களத்திலும் நிலைமை அதுதான். அந்த ஆண்டு 13 வெற்றி, 19 தோல்வி. 1927க்குப் பிறகு தோல்வி மிகுந்த முதல் ஆண்டு அது. பயிற்சியாளர் எட்டி சட்டன் விலகினார். உயரமும் திறமையும் கொண்ட லெரான் எல்லிஸ் சிரக்யூஸுக்குப் போனார். கிறிஸ் மில்ஸ் அரிசோனாவுக்குப் போனார்.

மிஞ்சியவர்களில் உதவித்தொகை பெறும் வீரர்கள் எட்டுப் பேர். 6 அடி 7 அங்குலத்துக்கு மேல் உயரமானவர் யாரும் இல்லை.

இந்த நேரத்தில்தான் விளையாட்டுத் துறை இயக்குநர் சி.எம். நியூட்டன் நியூயார்க்குக்குத் தூது போனார். அங்கே ‘நிக்ஸ்’ என்ற தொழில்முறை அணியை 52 வெற்றிகளுக்கு அழைத்துச் சென்றிருந்தார் 36 வயது ரிக் பிட்டினோ. அதற்கு முன் 1987இல் பிராவிடன்ஸ் என்ற சிறு கல்லூரி அணியைத் தேசிய அரையிறுதிவரை கொண்டுபோனவர். வெளியிலிருந்து எறியும் கூடைக்கு இரண்டுக்குப் பதில் மூன்று புள்ளி தரும் கோடு, கல்லூரி ஆட்டத்தில் நாடு முழுவதும் வந்தது 1986–87 பருவத்தில். பல பயிற்சியாளர்கள் அந்தக் கோட்டைச் சந்தேகத்தோடு பார்த்தபோது, பிட்டினோ முதல் ஆண்டிலேயே அதைத் தன் ஆயுதமாக்கிக்கொண்டார். 1989 ஜூன் மாதம் லெக்சிங்டன் வந்து சேர்ந்தார்.

அவர் கொண்டுவந்த ஆட்டமுறையை இரண்டு வரியில் சொல்லலாம். பந்து எதிரணியிடம் இருந்தால் 94 அடி நீளக் களம் முழுவதும் துரத்து. பந்து நம்மிடம் இருந்தால் நொடியும் தாமதிக்காமல் ஓடு, இடம் கிடைத்ததும் கோட்டுக்கு வெளியிலிருந்து எறி.

சட்டனின் அணி பழகியிருந்தது வேறு. பந்தை நிதானமாகக் கொண்டுவந்து, பாதிக் களத்தில் பொறுமையாகச் சுற்றவிட்டு, நல்ல வாய்ப்புக்குக் காத்திருக்கும் ஆட்டம் அது. கூடை விழுந்ததும் வீரர்கள் திரும்பி ஓடித் தங்கள் பாதியில் அரண் அமைப்பார்கள். பிட்டினோவோ கூடை விழுந்த அந்த இடத்திலேயே சண்டையைத் தொடங்கச் சொன்னார். எல்லைக் கோட்டுக்கு வெளியிலிருந்து பந்தை உள்ளே எறிய எதிரணிக்கு 5 விநாடி. நடுக்கோட்டைக் கடக்க 10 விநாடி. அந்தப் பத்து விநாடியில் பந்து வைத்திருப்பவரை இருவர் சேர்ந்து மடக்க வேண்டும். மூன்றாமவர் பாஸ் போகும் வழியை முன்கூட்டியே கணித்து அங்கே நிற்க வேண்டும். பந்தைப் பறிக்க முடியாவிட்டாலும் விரல் நுனியாவது படவேண்டும். ஓர் ஆட்டத்தில் பந்தை எத்தனை முறை கையால் தட்டித் திருப்பினார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து எண்ண ஆள் வைத்திருந்தார் பிட்டினோ. 35 முறை என்பது அவர் வைத்த இலக்கு.

சொல்வது எளிது. இப்படி ஆட அடுத்தடுத்து மாற்றி இறக்கப் பத்துப் பேராவது வேண்டும். இருப்பதோ எட்டுப் பேர். ஆகவே எட்டுப் பேரின் நுரையீரலையும் கால்களையும் முதலில் மாற்ற வேண்டியிருந்தது. அந்த வேலை உடற்பயிற்சியாளர் ‘ராக்’ ஆலிவரிடம் வந்தது. ஓட்டம், எடை தூக்குதல், மறுபடி ஓட்டம். தளர்ந்த உடம்போடு இருந்த ஃபார்மர் எடையைக் குறைத்தார். வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி கூடாது என்ற என்சிஏஏ விதி 1991இல்தான் வந்தது. இந்த எட்டுப் பேருக்கு அந்தப் பாதுகாப்பும் இல்லை.

ஆனால் இவர்களுக்குச் சாதகமான ஒரு கணக்கும் பிட்டினோவின் முறையில் ஒளிந்திருந்தது. உயரமானவர்கள் இல்லாத அணி கூடைக்குக் கீழே நின்று மோதினால் தோற்கும். அதே அணி எல்லோரையும் கோட்டுக்கு வெளியே நிறுத்தினால், எதிரணியின் உயரமானவர்களும் கூடையைவிட்டு வெளியே வந்தாக வேண்டும். மூன்று எறிந்து ஒன்று விழுந்தால் மூன்று புள்ளி. எறிவுக்கு ஒரு புள்ளி என்ற கணக்கில் அது உள்ளிருந்து இரண்டு எறிந்து ஒன்று போடுவதற்குச் சமம். 6 அடி 7 அங்குல ரெஜி ஹான்சன் சென்டராக நின்றார். அதே உயரமுள்ள பெல்ஃப்ரியும் ஃபெல்ட்ஹாஸும் வெளியிலிருந்து எறியக் கற்றார்கள். எட்டுப் பேரில் இன்னொருவரான டெரிக் மில்லருக்கோ எறிவதற்கு அனுமதியே தேவைப்படவில்லை. அந்தப் பருவத்தில் அணி ஆட்டத்துக்குச் சராசரியாகப் பத்து மூன்று புள்ளி வீச்சுகளைக் கூடையில் போட்டது.

கற்கும் காலத்தில் அடி விழாமல் இருக்குமா? 1989 டிசம்பர் 9. இடம் கேன்சஸ் மாநிலத்து ஆலன் ஃபீல்ட்ஹவுஸ். ரப் மாணவராக இருந்தபோது அவருக்குக் கூடைப்பந்து கற்றுத்தந்த ஃபாக் ஆலனின் பெயரைத் தாங்கிய அரங்கம் அது. அங்கே ரப்பின் பழைய அணி 150–95 என்று தோற்றது. முழுக்களத் துரத்தலில் ஒருவர் ஓரடி பிந்தினாலும் பின்னால் களம் திறந்து கிடக்கும். அன்று கேன்சஸ் அந்தத் திறந்த வெளியில் ஓடி ஓடிக் கூடை போட்டது. 55 புள்ளி வித்தியாசத்துக்குப் பிறகும் பிட்டினோ ஆட்டமுறையை மாற்றவில்லை. அடுத்த ஆட்டத்திலும் துரத்தினார்கள்.

சுற்றைத் தொடர்ந்து லெக்சிங்டனிலிருந்து கிழக்கே கிளம்பினால் அரை மணி நேரத்துக்குள் வின்செஸ்டர். இஞ்சிச் சுவையோடு 1926 முதல் இங்கே தயாராகும் ‘ஏல்-8-ஒன்’ என்ற குளிர்பானத்தைப் பச்சைப் பாட்டிலில் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் பலர் மலை ஏறுகிறார்கள். அங்கிருந்து மவுண்டன் பார்க்வே. வேலியிட்ட புல்வெளி மறைந்து, மணற்பாறைக் குன்றுகளும் அடர்ந்த காடும் தொடங்குகின்றன. பாறையிடுக்கில் சாலை வளைந்து வளைந்து போகிறது. ரெட் ரிவர் பள்ளத்தாக்கைத் தாண்டியபின் ஊர்களுக்கு இடையே தூரம் கூடுகிறது. இது அப்பலாச்சிய மலைப்பகுதி, நிலக்கரி நாடு.

சுமார் இரண்டு மணி நேரத்தில் பெயின்ட்ஸ்வில். ஜான் பெல்ஃப்ரியின் ஊர். நாட்டுப்புற இசைப் பாடகி லொரெட்டா லின் பிறந்த புட்சர் ஹாலோவும் இதே ஜான்சன் கவுன்டியில்தான். தெற்கே ஹசார்ட் வழியாகச் சுற்றி வந்தால் கிளே கவுன்டியின் மான்செஸ்டர். ரிச்சி ஃபார்மரின் ஊர். சுரங்க வேலை குறையக் குறைய ஏழ்மை ஏறிய இடம். நாட்டின் மிக வறிய கவுன்டிகளில் ஒன்று. ஆனால் கூடைப்பந்தில் அது ஏழை ஊர் அல்ல. கென்டக்கியின் உயர்நிலைப் பள்ளிப் போட்டியில் பெரிய பள்ளி, சிறிய பள்ளி என்ற பிரிவே கிடையாது. நகரத்துப் பள்ளியும் மலைப் பள்ளியும் ஒரே கோப்பைக்கு மோதும். 1987இல் அந்தக் கோப்பையைக் கிளே கவுன்டி வென்றது. 1988 இறுதி ஆட்டத்தில் தோற்றாலும் ஃபார்மர் ஒருவரே 51 புள்ளிகள் எடுத்தார். மாநிலத்தின் சிறந்த பள்ளி வீரர் என்ற பட்டம் 1987இல் பெல்ஃப்ரிக்கும் 1988இல் ஃபார்மருக்கும் கிடைத்தது.

இந்த மலைகளுக்குள் வந்து பார்த்தால்தான், ஓராண்டு நேரடி ஒளிபரப்பு இல்லாமல் போனதன் கனம் புரியும். அந்தக் குளிர்காலத்தில் ஆட்டத்தை உடனுக்குடன் அறிய வானொலிதான் வழி. வானொலியில் ஹார்லன் கவுன்டியில் பிறந்த காவுட் லெட்ஃபோர்டின் குரல். அவர் அணியின் ஆட்டங்களை வர்ணிக்கத் தொடங்கி முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. எல்லிஸும் மில்ஸும் போனபோது பெல்ஃப்ரியும் ஃபார்மரும் ஏன் போகவில்லை என்று மலைக்காரர்களிடம் யாரும் விளக்க வேண்டியதில்லை. இங்கே வளரும் பிள்ளைக்குக் கென்டக்கி என்று நெஞ்சில் எழுதிய ஜெர்சியைவிடப் பெரிய கனவு குறைவு.

மூன்றாமவர் ஃபெல்ட்ஹாஸின் ஊர் வடக்கே, ஒஹையோ ஆற்றங்கரையில் இருக்கும் மேஸ்வில். லெக்சிங்டனிலிருந்து சுமார் 105 கிலோமீட்டர். பாடகி ரோஸ்மேரி குளூனியும் இந்த ஊர்தான். ஃபெல்ட்ஹாஸின் தந்தை ஆலன், ரப்பிடம் ஆடியவர். பின்னர் மேசன் கவுன்டி பள்ளி அணியைப் பயிற்றுவித்தவர். தந்தை அணிந்த நிறத்தையே மகனும் அணிந்தார். நால்வரில் ஷான் வுட்ஸ் ஒருவர்தான் வெளியூர்க்காரர். இண்டியானாபோலிஸிலிருந்து வந்த பாயின்ட் கார்டு அவர்.

கேன்சஸில் வாங்கிய அடிக்குப் பிறகு, அதே பருவத்தில், 1990 பிப்ரவரி 15 அன்று எல்எஸ்யு என்ற கல்லூரி அணி ரப் அரங்குக்கு வந்தது. அதில் ஷாகில் ஓ’நீல், ஸ்டான்லி ராபர்ட்ஸ் என்று இரண்டு ஏழடி மலைகள். கூடவே புள்ளி குவிக்கும் கிறிஸ் ஜாக்சன். எட்டுப் பேர் அணி 100–95 என்று வென்றது. வெளியிலிருந்து எறிந்தும் களம் முழுக்க ஓடியும் வாங்கிய வெற்றி. பருவம் முடிந்தபோது கணக்கு 14 வெற்றி, 14 தோல்வி. மற்ற ஆண்டுகளில் கென்டக்கி இதை அவமானமாக எண்ணியிருக்கும். 1990இல் கொண்டாடியது.

ஆட்டமுறை வேர்விட இன்னும் இரண்டு ஆண்டுகள் பிடித்தன. 1990இல் நியூயார்க்கின் பிராங்க்ஸிலிருந்து ஜமால் மாஷ்பர்ன் வந்தார். உயரமும் பலமும் உள்ள வீரர் இல்லாத குறை தீர்ந்தது. அதே ஆண்டு பெர்னடெட் லாக் என்ற பெண்ணைத் துணைப் பயிற்சியாளராகச் சேர்த்தார் பிட்டினோ. ஆடவர் கல்லூரி அணிகளில் அது மிக அரிது. ரப்பின் நாற்பத்திரண்டு ஆண்டுகளில் அணிக்கு ஆடிய கறுப்பின வீரர் ஒரே ஒருவர்தான் என்பதை நினைத்தால், கறுப்பினப் பெண் ஒருவர் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தது எவ்வளவு பெரிய மாற்றம் என்று விளங்கும். பிட்டினோவின் மற்றொரு துணைவரான டபி ஸ்மித் 1997இல் தலைமைப் பயிற்சியாளராகி, 1998இல் கோப்பையும் வென்றார்.

1990–91இல் 22 வெற்றி, 6 தோல்வி. தடை இருந்ததால் தேசியப் போட்டி இல்லை. 1992இல்தான் கதவு திறந்தது. நால்வரும் இறுதியாண்டு மாணவர்கள். தென்கிழக்கு மண்டலப் போட்டியை வென்று, தேசியப் போட்டியில் கிழக்குப் பிரிவின் இறுதி ஆட்டம்வரை வந்தார்கள். 1992 மார்ச் 28, ஃபிலடெல்ஃபியா. எதிரே நடப்புச் சாம்பியன் டியூக்.

அந்த ஆட்டத்தில் மூன்றாண்டு உழைப்பு முழுவதும் தெரிந்தது. இரண்டாம் பாதியில் பின்தங்கியிருந்த கென்டக்கி, துரத்தித் துரத்தியே சமன் செய்து ஆட்டத்தைக் கூடுதல் நேரத்துக்குக் கொண்டுபோனது. கடைசியில் வுட்ஸ் எறிந்த பந்து பலகையில் பட்டு உள்ளே விழுந்தது. 103–102. கென்டக்கி முன்னிலை. மிச்சம் 2.1 விநாடி.

டியூக் பந்தை உள்ளே எறிய வேண்டும். முழுக்களத்தையும் காவல் காக்கும் அணி என்று பெயரெடுத்தவர்கள், பந்தை எறிய நின்ற கிரான்ட் ஹில்லுக்கு முன்னால் அப்போது ஆள் நிறுத்தவில்லை. களத்தின் மறுமுனையில் கிறிஸ்டியன் லேட்னரை மடக்க இருவரை நிறுத்தினார் பிட்டினோ: பெல்ஃப்ரியும் ஃபெல்ட்ஹாஸும். தடையில்லாமல் ஹில் எறிந்த பந்து களத்தைக் கடந்து வந்தது. லேட்னர் பிடித்தார், ஒருமுறை தட்டினார், திரும்பினார், எறிந்தார். 104–103. அன்று அவர் களத்திலிருந்து எறிந்த பத்தும், ஃப்ரீ த்ரோ பத்தும் தவறவே இல்லை. இவர்களுக்கு இந்த முறையைச் சொல்லிக்கொடுத்த பயிற்சியாளரே கடைசி 2.1 விநாடியில் அதைக் கைவிட்டார் என்பதுதான் அந்த இரவின் வலி. அது அவருடைய முடிவு, ஆடியவர்களின் குறையல்ல.

அதுவே லெட்ஃபோர்ட் வர்ணித்த கடைசி கென்டக்கி ஆட்டம். வென்ற டியூக்கின் பயிற்சியாளர் மைக் ஷஷெவ்ஸ்கி கென்டக்கி வானொலிக்காரர்களிடம் நடந்துவந்து, தோற்ற அணியின் ஊர்மக்களிடம் ஒலிவாங்கி வழியாகப் பேசினார்.

மலை இறங்கி மீண்டும் ரப் அரங்கம். பிட்டினோவின் கென்டக்கி 1996இல் கோப்பையை வென்றது. அந்த அணியின் கேப்டன்களில் ஒருவர் மார்க் போப். பிட்டினோ 1997இல் பாஸ்டன் செல்டிக்ஸுக்குப் போனார். 2001இல் பரம எதிரியான லூயிவில்லுக்குப் பயிற்சியாளராகத் திரும்பினார். லூயிவில் 2013இல் வென்ற கோப்பையை விதிமீறலுக்காக 2018இல் என்சிஏஏ பறித்தது. ரப் அரங்கில் அவருக்குக் கேலிக்கூச்சல் பழகிப்போயிருந்தது. 2024 ஏப்ரலில் போப் கென்டக்கியின் பயிற்சியாளரானார். அவர் அழைத்து அந்த அக்டோபரில் பிட்டினோ இதே அரங்குக்குள் வந்தபோது, கூட்டம் எழுந்து நின்று வரவேற்றது.

போப்பும் மூன்று புள்ளி வீச்சை நம்புகிறவர். ஆனால் அவருடைய முதல் ஆண்டு பிட்டினோவின் முதல் ஆண்டைப் போல இல்லை. உதவித்தொகை பெற்ற பழைய வீரர் ஒருவர்கூட மிஞ்சவில்லை. மாணவர்கள் கல்லூரி மாறினால் ஓராண்டு ஆடாமல் காத்திருக்க வேண்டும் என்ற விதி போய்விட்டதால், தன் முறைக்குப் பொருந்துகிறவர்களை டேட்டன், டிரெக்ஸல், சான் டியேகோ ஸ்டேட், ஓக்லஹோமா என்று பல இடங்களிலிருந்து போப் சேர்த்தார். பழைய வீரர்கள் புதிய முறைக்குப் பழக வேண்டிய அவசியமே எழவில்லை. முதல் மாதத்திலேயே, நவம்பர் 12 அன்று டியூக்கை 77–72 என்று வென்றார்கள். பருவக் கணக்கு 24 வெற்றி, 12 தோல்வி. புதியவர்களில் ஹார்லன் கவுன்டியின் டிரென்ட் நோவாவும், பள்ளி ஆட்டங்களில் மாநிலத்திலேயே அதிகப் புள்ளிகள் எடுத்த டிராவிஸ் பெர்ரியும் உள்ளூர்ப் பிள்ளைகள். பெர்ரி ஓராண்டு முடிந்ததும் மிசிசிப்பிக்கு மாறிவிட்டார்.

மாறும் உரிமை மாணவர்களுக்கு வேண்டியதுதான். பயிற்சியாளர் நினைத்தபோது போகலாம், ஆடுகிறவன் மட்டும் கட்டுண்டு கிடக்க வேண்டும் என்பது நியாயமல்ல. ஆனால் அதோடு, 150–95க்கு அடுத்த நாள் அதே பயிற்சிக்கு அதே எட்டுப் பேர் திரும்பி வருவதைப் பார்க்கும் வாய்ப்பும் குறைந்துபோனது. ஓர் ஊர் ஓர் அணியோடு சேர்ந்து மூன்றாண்டு கற்றதற்கு லெக்சிங்டன்தான் சாட்சி.

நவம்பர் முதல் மார்ச் தொடக்கம்வரை லெக்சிங்டன் போகிறவர்கள் ரப் அரங்கில் ஓர் ஆட்டம் பார்த்துவிட்டு வாருங்கள். ஆட்டம் தொடங்கும் முன் தலையை உயர்த்தி 11, 12, 32, 34 ஆகிய எண்களைத் தேடுங்கள். ஃபிலடெல்ஃபியாவில் தோற்றது மார்ச் 28. அந்த நால்வருக்கும் முன்கூட்டிச் சொல்லாமலே அவர்களுடைய ஜெர்சிகளைக் கூரையில் ஏற்றியது ஏப்ரல் 7.